மிஸ் அடித்தல்: ‘பொறிதவறல்’ போதாது, ‘எரிதவறல்’ என்போம்

வணக்கம் நண்பர்களே,

மோட்டார் வேலைக்கான உங்கள் தமிழ்ச் சொற்தொகுதியில், எஞ்சின் மிஸ் அடிப்பதற்கு, அதாவது உருளைக்குள் (சிலிண்டர்) கலவை எரியவேண்டிய நேரத்தில் எரியாமல் போவதற்கு, ‘பொறிதவறல்’ என்ற சொல்லை முன்வைத்திருக்கிறீர்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வேலை பழகுநரின் கை நேரே பொறி தரும் பிளக்குக்குத்தான் போகும். பொறி ஒழுங்காக விழுந்தும் உள்ளே எரியாமல் போவதுண்டு.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நான் போகும் கராஜுக்கு ஒரு ஹொண்டா சி.டி. 200 மோட்டார் சைக்கிள் வந்தது. இரட்டை உருளை, 194 சிசி. “ஒரு பக்கம் அடிக்குதில்லை அண்ணை” என்றார் கொண்டுவந்தவர். மெக்கானிக் அண்ணை எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, இரண்டு சைலன்சர் குழாய்களிலும் எஞ்சினை ஒட்டிய இடத்தில் விரலால் தண்ணீர் தெளித்தார். வலப்பக்கம் சுர்ரென்று ஆவியானது. இடப்பக்கம் துளி அப்படியே வழிந்தது; அங்கே எரியாததால் குழாய் சூடேறவில்லை. இடப்பக்கப் பிளக்கைக் கழற்றினால் கறுத்து, பெற்றோலில் நனைந்து கிடந்தது. இரண்டு பிளக்கையும் பக்கம் மாற்றிப் போட்டார். குற்றம் பிளக்கோடு சேர்ந்து வலப்பக்கம் போகவில்லை. வயரும் கப்பும் சரி, பொறியும் நல்ல நீலம். அப்புறம் உருளைக்குள் கலவை அழுத்தப்படும் அமுக்கம் (கம்ப்ரெஷன்) பார்த்தார். இடப்பக்கம் நன்றாகக் குறைவு. பிளக் துளைக்குள் கொஞ்சம் ஒயில் விட்டும் அமுக்கம் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஒயில் கசிவை அடைத்து ஏறியிருக்கும். கடைசியில் பார்த்தால், வால்வுக்கும் அதைத் தள்ளும் பகுதிக்கும் நடுவே இருக்கவேண்டிய தப்பெட் இடைவெளி இல்லாமல் புகை போகும் வால்வு முழுதாக மூடாமல் நின்றது.

இதைப் பொறிதவறல் என்று எப்படி எழுதுவது? பொறி, கலவை, அமுக்கம் மூன்றில் எது பிழைத்தாலும் விளைவு ஒன்றுதான்: எரிய வேண்டிய நேரத்தில் எரியவில்லை. சொல் அந்த விளைவைத்தான் சுட்ட வேண்டும், காரணத்தை முன்கூட்டித் தீர்ப்பாகச் சொல்லக் கூடாது. ஆகவே ‘எரிதவறல்’. “இடது உருளையில் எரிதவறல்” என்று வேலைச்சீட்டில் தயங்காமல் எழுதலாம்.

‘தகனத் தவறல்’ என்றும் சொல்லலாம்; அது பாடநூலோடு ஒத்துப்போகும் என்பது உண்மை. எங்கள் பிள்ளைகள் ‘தகனம்’ படித்துத்தான் வருகிறார்கள். ஆனால் ஊரில் அந்தச் சொல் சுடலையை நினைவூட்டும். கராஜில் ஒருவரும் அதை வாயில் எடுக்கமாட்டார்கள்.

எரிதவறல் பொதுச்சொல்லாக இருக்கட்டும்; விட்டுவிட்டு வருவதற்கு அதுவே போதும். இந்த ஹொண்டாவில் போல ஒரு பக்கம் அடியோடு நின்றுவிட்டால், அந்த உருளையை ‘அடியா உருளை’ என்று தனியாகச் சொல்வதும் நல்லது. “அடிக்குதில்லை” என்ற பேச்சுவழக்கிலிருந்தே அது வருகிறது.

இன்னொன்றும் இதே தொகுதியில் சேரவேண்டும். இரண்டு பிஸ்டனும் சேர்ந்து ஏறி இறங்கும் சில எஞ்சின்களில் பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் ஒரே கொயில் இரண்டு பிளக்குக்கும் ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும். ஒரு பக்கம் கலவை எரியும், மற்றப் பக்கம் புகை வெளியேறும் நேரத்தில் பொறி பயனில்லாமல் விழும். இதற்கு ‘வீண்பொறி’ என்று முன்மொழிகிறேன். இந்த வகை எஞ்சின் ஓடும்போது ஒரு பிளக் வயரைச் சும்மா பிடுங்கிப் பார்க்கக் கூடாது. அதை எஞ்சின் உடலோடு தொடுப்பித்து வைக்காவிட்டால் மற்றப் பக்கமும் அடிக்காமல் போகலாம், கொயிலும் பழுதாகலாம். வீண்பொறிக்கான விளக்கக் குறிப்பில் இந்த எச்சரிக்கையையும் சேர்த்துவிடுங்கள்.