நீலகிரி மண்ணில் இரும்பு ஆக்சைடு நானோ படிகங்கள்: சில அனுபவங்கள்

உதகை, வேதியியல் ஆசிரியை:

உலோக ஆக்சைடு நானோ படிகங்களை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த நான் விலையுயர்ந்த பொடி எதையும் வாங்குவதில்லை. சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில், கருமையான மேல்மண்ணுக்குக் கீழே தெரியும் கடுகு மஞ்சள் மண்ணைக் கொஞ்சம் எடுத்து வரச் சொல்வேன். அந்த மஞ்சள் நிறத்தைத் தருவது கோதைட் என்னும் இரும்புச் சேர்மம். மண்ணில் அதன் படிகங்கள் பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில்தான் இருக்கும். நம் மலையின் குளிரும் ஈரமும் அதற்கு உகந்தவை. வெப்பமும் வறட்சியும் கூடும் இடங்களில் ஹேமடைட் என்னும் சிவப்பான இரும்பு ஆக்சைடின் பங்கு அதிகரிக்கும்.

இரும்புச் சட்டியில் அந்த மண்ணைப் பரப்பி அடுப்பில் வைத்தால் முதலில் ஈரம் போய் மண் வெளிறும். வெப்பம் 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, சட்டியின் நடுவில் தோன்றும் செங்கல் நிறம் மெல்ல விளிம்பை நோக்கிப் படரும். படிகத்துக்குள் இருந்த ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH) தொகுதிகள் நீராக வெளியேறிவிட, கோதைட் ஹேமடைட்டாகிறது. சருகு கலந்த மேல்மண்ணை மூடி வைத்து வறுத்தால், கருகும் சருகு இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனில் கொஞ்சத்தைப் பறித்துக்கொள்வதால், ஆறிய பொடி காந்தத்தில் ஒட்டுவதையும் பார்க்கலாம். பாடநூல் படத்தைவிட இந்தச் சட்டிக்கு வகுப்பில் மரியாதை அதிகம்.

நஞ்சநாடு, உருளைக்கிழங்கு விவசாயி:

டீச்சர் சொல்லும் அந்த மஞ்சள் மண்ணோடுதான் எங்களுக்கு வழக்கு. கார்போகப் பருவ உருளைக்கிழங்குக்கு எவ்வளவு சூப்பர் பாஸ்பேட் போட்டாலும், மண் பரிசோதனை அட்டையில் பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்றே வரும். உரம் மழையில் போய்விட்டது என்று எங்கள் ஹட்டியில் (ஊரில்) சொல்வார்கள். பெரும்பகுதி எங்கும் போவதில்லை. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் பரப்பில் பிணைந்து அங்கேயே கிடக்கிறது. அதனால் உரத்தைத் தோட்டம் முழுவதும் இறைக்காமல், விதைக்கிழங்குக்குப் பக்கத்தில் சாலிலேயே வைக்கிறேன், தொழுவுரமும் சேர்க்கிறேன். டோலமைட் போட்டு மண்ணின் புளிப்பைக் குறைத்தால் பிடிப்பு தளரும், ஆனால் அளவு மீறினால் கிழங்கில் சொறி நோய் வந்துவிடும்.

கோத்தகிரியைச் சேர்ந்த நீர் ஆய்வாளர்:

அண்ணன் குறை சொல்லும் அதே பிடிப்பை நம்பித்தான் என் வேலை நடக்கிறது. ஒரு கிராம் கோதைட்டின் மொத்தப் பரப்பு பல பத்துச் சதுர மீட்டர். புளிப்பு மண்ணில் அந்தப் பரப்பு நேர்மின்னேற்றம் பெறுவதால், எதிர்மின்னேற்றமுள்ள பாஸ்பேட் நெருங்கி, அங்குள்ள ஹைட்ராக்சிலை விலக்கிவிட்டு இரும்போடு நேரடியாகப் பிணைகிறது. நச்சுத்தன்மையுள்ள ஆர்சனிக் நீரில் காணப்படும் வடிவங்களில் ஒன்றான ஆர்சனேட்டும் அமைப்பிலும் மின்னேற்றத்திலும் பாஸ்பேட்டைப் போன்றதே என்பதால், நீரிலுள்ள ஆர்சனிக்கைப் பிடிக்க இரும்பு ஆக்சைடுகள் உதவுகின்றன.

இதற்கு நாங்கள் தயாரிப்பது மேக்னடைட் என்னும் கருமையான, காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு. பெரஸ், பெரிக் என்னும் இருவகை இரும்பு உப்புகளை 1:2 விகிதத்தில் கரைத்து, நைட்ரஜன் வாயுவின் கீழ் அம்மோனியாவை ஊற்றினால், தேநீர் நிறக் கரைசல் கண்ணெதிரே மையாகக் கறுத்துவிடும். காற்று பட்டால் படிகங்கள் மெதுவாக மேக்ஹெமைட் என்னும் வேறொரு இரும்பு ஆக்சைடாகிப் பழுப்பேறும், நைட்ரஜன் அதற்காகத்தான். ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் கீழே இவை காந்தம் அருகில் இருக்கும்வரை மட்டுமே காந்தத்தன்மை காட்டுவதால், ஆர்சனிக்கைப் பிடித்த பொடியைக் காந்தத்தால் ஒதுக்கி எடுத்து, மீண்டும் நீரில் கலைத்துவிட முடிகிறது. மேற்கு வங்க நிலத்தடி நீரைப் போல ஆர்சனிக்கோடு பாஸ்பேட்டும் இருந்தால் இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். ஆகவே எந்த நீர் மாதிரி வந்தாலும் நான் முதலில் அளப்பது பாஸ்பேட்டைத்தான்.