உலகத்திலயே பெரிய உதைபந்து ஸ்டேடியம் எது? ஒவ்வொரு இடத்தில ஒவ்வொரு கணக்கு

கல்லடிப் பொடியன்:
எங்கட கழகத்தில வாற கிழமை சின்னப் பிள்ளையளுக்கு வினாவிடைப் போட்டி வைக்கிறம், கேள்வி எழுதுற பொறுப்பு எனக்கு. உலகத்தில பெரிய உதைபந்து மைதானம் எது, எத்தின பேர் இருக்கலாம் எண்டு ஒரு கேள்வி போட்டுட்டு விடையத் தேடினா தலை சுத்துது. வடகொரியாவில இருக்கிற மே தின ஸ்டேடியம் எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க, ஆனா ஒரு இடத்தில 150,000, இன்னொரு இடத்தில 114,000. பிரேசில் மரக்கானாவுக்கு ரெண்டு லட்சம் எண்டும் கிடக்கு, 78,000 எண்டும் கிடக்கு. பிள்ளையளுக்குப் பிழையானதச் சொல்லிக் குடுக்க விருப்பமில்ல, எத எழுதுறது?

அக்கரைப்பற்றான்:
தம்பி, 150,000 எண்டது 1989ல திறக்கக்குள்ள அவங்க சொன்ன கணக்கு. 2014ல திருத்தின பிறகு 114,000 எண்டுதான் கூடுதலாப் போடுறாங்க, அதுதான் இப்பவும் முதலாமிடம்.

மரக்கானா கதை வேற. 1950 உலகக் கிண்ணத்துக்குக் கட்டினது, உருகுவே 2-1 எண்டு பிரேசில வெண்ட அந்தக் கடைசி மெட்ச்சுக்கு டிக்கெட் எடுத்து வந்த சனம் மட்டும் 173,850, மொத்தமா ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட எண்டு சொல்றாங்க. அந்த நேரம் கனபேர் இருந்ததும் நிண்டதும் வெறும் கொங்கிரீட் படியில. நம்மட பக்கம் பைனல் மெட்ச் அண்டைக்குப் படிக்கட்டில இருந்து பாத்திருப்பீங்கதானே, பக்கத்தில இருக்கிறவர் கச்சான் சுருளப் பிரிக்கக்குள்ள அவர்ர முழங்கை நம்மட விலாவில முட்டும், அப்பவும் இன்னும் ரெண்டு பேர் வந்து தள்ளி இருங்க எண்டு நுழைவாங்க. அதே இடத்தில ஆளுக்கொரு கதிரை, நடுவில நடக்க வழி எண்டு போட்டா அரைவாசி கூட வராது. அதான் 78,000.

ஓட்டமாவடி:
கல்கத்தா சோல்ட் லேக் ஸ்டேடியமும் அப்பிடித்தான். 1997 ஜூலையில ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் மெட்ச்சுக்கு 131,781 பேர், பாய்ச்சுங் பூட்டியா ஹெட்ரிக் அடிச்சு ஈஸ்ட் பெங்கால் 4-1ல வெண்டது. 2017ல பதினேழு வயசுக்குட்பட்ட உலகக் கிண்ணத்துக்குத் தனித்தனிக் கதிரை போட்டதோட எழுபதாயிரத்துக்கும் கீழ வந்திட்டு.

குறைஞ்சத நினைச்சுக் கவலைப்படத் தேவையில்ல. 1989ல இங்கிலாந்து ஹில்ஸ்பரோவில மெட்ச் பாக்கப் போன லிவர்பூல் சனம் 97 பேர் நெரிசலில செத்தாங்க, முன்னுக்கு இரும்பு வேலி, பின்னால இருந்து சனம் வந்து கொண்டே இருக்கு, மூச்சு விட இடமில்ல. அதுக்குப் பிறகுதான் அங்க பெரிய கிளப் எல்லாம் நிண்டு பாக்கிற இடத்த எடுத்துக் கதிரை போட்டது. இதயும் பிள்ளையளுக்குச் சொல்லுங்க, வெறும் நம்பர் மட்டும் பாடமாக்கி என்ன செய்யிறது.

தோகாவிலிருந்து:
கட்டார் லுசைல் ஸ்டேடியத்துக்கு முதல் 80,000 எண்டுதான் போட்டிருந்தது, 2022 பைனலுக்கு வந்த சனம் 88,966. ஒரே கட்டிடம்தான். ஜேர்மனி டோட்மண்டில உள்ளூர் மெட்ச் எண்டா 81,365, ஐரோப்பாப் போட்டியில நிண்டு பாக்க விடாத காலத்தில அதே ஸ்டேடியத்துக்கு 66,000 சொச்சம். வருசமும் கேளுங்க, இருக்கிறதா நிக்கிறதா எண்டும் கேளுங்க.

கல்லடிப் பொடியன்:
நல்லா விளங்கிச்சு அண்ணன்மார். அப்ப "இப்போது" எண்டு போட்டு, பெயர மட்டும் கேக்கிறன், எண்ணிக்கையச் சொன்னா மேலதிகப் புள்ளி. 1950 கதைய வேற கேள்வியாப் போடுறன்.

அக்கரைப்பற்றான்:
"உதைபந்தாட்ட" எண்ட சொல்ல விட்டுராதீங்க தம்பி. வெறும் மைதானம் எண்டு கேட்டா பிள்ளையள் அகமதாபாத் கிரிக்கெட் ஸ்டேடியத்தச் சொல்லுவாங்க, அது 132,000, அவங்கட விடையும் சரியாப் போயிடும்.