2004 சில்வராடோவில் ஸ்டீயரிங் பட்டனும் தகவல் திரையும் மாட்ட முடியுமா?

கேள்வி:
டெக்சாஸில் 2004 செவ்ரோலே சில்வராடோ ஓட்டுகிறேன், அடிப்படை மாடல், ஸ்டீயரிங்கில் ஒரு பட்டன்கூடக் கிடையாது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டில் பட்டன் வைத்த ஸ்டீயரிங்கும், செய்தித் திரை உள்ள கிளஸ்டரும் (வேகம், எரிபொருள் காட்டும் முள் பலகை) பார்த்து வைத்திருக்கிறேன். அப்படியே மாட்டினால் போதுமா?

பதில் 1:
போதாது நண்பரே. ஏர்பேகுக்குப் பின்னால் ஸ்டீயரிங்கோடு சுழலும் சுருள் கேபிள் இருக்கிறதே, பட்டன் இல்லாத வண்டியில் அதில் பெரும்பாலும் பட்டனுக்கான ஒயரே இருக்காது. ஸ்டீயரிங் எடுக்கும் அதே பழைய வண்டியிலிருந்து அதையும் கழற்றி வாங்குங்கள், நடுநிலையிலிருந்து திரும்பாமல் டேப் ஒட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு சுற்று தப்பினாலும் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது அறுந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகுதான் ஏர்பேகில் கை வைக்க வேண்டும், தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். கழற்றியதை மூடிப்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள்.

பதில் 2:
கிளஸ்டர்தான் பெரிய விஷயம். ஓடிய மைல் கணக்கு அதற்குள்தான் இருக்கிறது, அப்படியே மாட்டினால் அடுத்தவர் வண்டியின் மைல் காட்டும். உங்கள் உண்மையான கணக்கை ஏற்றித் தருபவரிடம் கொடுத்து மாற்றுங்கள், அமெரிக்கச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. அப்புறம், 2003-2006 கிளஸ்டர்களில் முள்ளை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் அடிக்கடி போகும். என்னுடையதில் வண்டி நிற்கும்போதும் முள் 80-லேயே நின்றது. திறந்ததோடு எல்லா மோட்டாரையும் புதிதாகச் சால்டர் செய்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, சனிக்கிழமை சுருள் கேபிளையும் சேர்த்தே எடுத்துவருகிறேன். மிக்க நன்றி.