வாழைக்குழியும் பள்ளிக்கரணையும்: வீட்டுத் தோட்டத்தால் சென்னைக்குப் பல்லுயிர் திரும்புமா?

மொட்டைமாடி:
சென்னையில் பசுமைக்கு இடமில்லை என்போர், தங்கள் வீட்டுத் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக எங்கே போகிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் 1978இல் நூலாக முன்வைத்த, இயற்கையைப் பின்பற்றித் தோட்டமும் நிலமும் வடிவமைக்கும் பெர்மாகல்ச்சர் முறையின் அடிப்படைகளுள் ஒன்று, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும்படி இடத்தை அமைப்பது. வேளச்சேரியில் எங்கள் கொல்லையில் 8 அடிக்கு 4 அடியில் ஒரு வாழைக்குழி இருக்கிறது. துணி அலசிய கடைசி நீரும் காய்கறிக் கழிவும் அதில்தான் சேருகின்றன, சுற்றிலும் வாழை, சேம்பு, கல்வாழை, ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை. மண்ணின் மேல் பரப்பிய இலைதழை மூடாக்கை மூன்றாண்டுகளாகக் கலைக்காததால் மண்புழு தானாகவே வந்துவிட்டது. தெருவுக்கு நான்கு வீடுகளில் இப்படிச் செய்தாலே நகருக்குப் பல்லுயிர் திரும்பிவிடும் என்பது என் துணிபு.

சதுப்புநிலம்:
அந்தத் துணிபைத்தான் மறுக்கிறேன். வாழை வயிற்றுக்கு நல்லது. கல்வாழையோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. இந்தக் கடற்கரைக்கு உரியது காசான், வீரை, உலக்கைப்பாலை ஆகிய மரங்கள் வளரும் உலர் பசுமைமாறாக் காடு. அதன் எச்சத்தை நகருக்குள் பார்க்க, 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவுக்குத்தான் போக வேண்டும். வேளச்சேரி ஏரியின் உபரிநீர் வடிந்து சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேட்டாலும் மறுபக்கம் கட்டடங்களாலும் சுருங்கிய பிறகே, 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கொல்லையில் குழி வெட்டிய நிறைவில் அந்தச் சதுப்பை மறந்துவிடுவோம் என்பதே என் அச்சம்.

தூண்கம்பி:
கொல்லை இல்லாதவர்கள் மாடியில் தொடங்குவார்கள் என்பதால், கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஆட்கள் புழங்கும் மொட்டைமாடி வழக்கமாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ கூடுதல் சுமைக்கே வடிவமைக்கப்படுகிறது. அரையடி உயரத்துக்கு ஈர மண்ணைப் பரப்பினால் அதுவே 250 கிலோவைத் தாண்டிவிடும். தென்னை நார்க்கழிவு கலந்த கலவையை, விட்டங்கள் செல்லும் ஓரங்களில் மட்டும் வையுங்கள்.

மொட்டைமாடி:
சுமைக் கணக்கை ஏற்கிறேன். எங்கள் மாடியில் தொட்டிகளெல்லாம் கைப்பிடிச் சுவரை ஒட்டியே இருக்கின்றன. ஆனால் அயல் செடி என்று கல்வாழையைக் காட்டி முழுத் தோட்டத்தையும் தள்ளிவிடுவது நியாயமன்று. சென்ற மாதம் கறிவேப்பிலை இலையின் மேல் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கக் கண்டு துடைக்கப் போனேன், அது நகர்ந்தது. கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அது. மதிலோரத்தில் பிடுங்காமல் விட்ட எருக்கில் வெந்தய வரியன் என்னும் மற்றொரு வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. மழையையும் எண்ணிப் பாருங்கள்: ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் நகரில், 1,000 சதுர அடி மாடியில் மட்டும் சுமார் 1,30,000 லிட்டர் விழுகிறது. அது மண்ணில் இறங்காமல் தெருவில் ஓடினால், உங்கள் சதுப்புக்குச் சாக்கடையோடு கலந்துதானே போய்ச் சேரும்?

சதுப்புநிலம்:
தண்ணீரைப் பற்றிச் சொன்னது சரி; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உங்கள் சான்றுகள் இரண்டும் சிறகுள்ளவை. பறப்பவை மதிலைத் தாண்டி வரும். தவளையும் ஆமையும் எப்படி வரும்? துண்டு துண்டான தோட்டங்களை இணைக்கப் பொது நிலம் வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த இடங்களில் புல்தரையும் சிமெண்ட் கல்லும் பதிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

மொட்டைமாடி:
எங்கள் தெருமுனையிலேயே அப்படி ஓர் இடம் உண்டு. நடுவில் ஊஞ்சல், சுற்றிலும் சிமெண்ட் கல். மழை பெய்தால் நீர் நிற்பதும் அங்கேதான். ஒரு மூலையில் மட்டும் கற்களை எடுத்துவிட்டுச் சிறு குட்டை வெட்ட அனுமதி கேட்டு, குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் மனு எழுதத் தயாராக இருக்கிறேன்.

தூண்கம்பி:
குட்டை என்றால் கொசு என்று முதல் கூட்டத்திலேயே எதிர்ப்பு வரும். நீர் சில நாட்களுக்குள் மண்ணில் இறங்கிவிடும்படி, அடியில் மணலும் சரளையும் இட்ட பள்ளமாக வரைந்து கொடுக்கிறேன். தவளை முட்டையிட வேண்டுமானால் நீர் தங்கித்தான் ஆக வேண்டும் என்று சதுப்புநிலம் உடனே சொல்வார். அதை அவரே சங்கத்துக்கு வந்து விளக்கட்டும்.

சதுப்புநிலம்:
வருகிறேன். ஆவணிக்குள் கல்லை எடுத்தால்தான் ஐப்பசி மழைக்கு முன் கன்றுகள் வேர் பிடிக்கும். காசான் நாற்று யாரிடமாவது இருக்கிறதா?