சாரி சொல்லப் போய் மாட்டிக்கொண்ட கதைகள்

வேளச்சேரிவாசி:
ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கப் போய் அசடு வழிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். லண்டனில் இருக்கும் வாடிக்கையாளருக்கு அந்த மாத விலைப்பட்டியலுக்குப் பதில் போன மாதத்து ஃபைலை அனுப்பிவிட்டேன். அவர்கள் அதை நம்பி இரண்டு ஆர்டருக்கு விலையும் சொல்லிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் கை நடுங்க ஒரு மெயில் தட்டினேன்: 'ராங் ஃபைல் காட் அட்டாச்ட். இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரெக்ரெட்டட். கைண்ட்லி பேர் வித் அஸ்.' இதைவிடப் பணிவாக எழுத முடியாது என்றுதான் நினைத்தேன். பத்தே நிமிடத்தில் பதில்: 'ஸோ, வாட் ஆக்சுவலி ஹாப்பண்ட்?'

பக்கத்து சீட் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னடா இது, சென்ட்ரல் ஸ்டேஷன்ல ரயில் லேட்டுன்னு சொல்ற மாதிரி இருக்கு? நீதான் பண்ணினேன்னு ஒரு வார்த்தை எங்கேடா?" அப்புறம் கீபோர்டை இழுத்து அவரே அடித்தார்: 'ஐ அட்டாச்ட் லாஸ்ட் மந்த்ஸ் ஃபைல் பை மிஸ்டேக். ஐ ஆம் சாரி. த கரெக்ட் ஒன் இஸ் ஹியர்.' அனுப்பவே பயமாக இருந்தது, தலையை நீட்டிக் கொடுப்பது போல. வந்த பதில், 'நோ வொரீஸ், தேங்க்ஸ்.' அவ்வளவுதான்.

சத்தியமாக நான் எதையும் மறைக்க நினைக்கவில்லை. நம் பேச்சே அப்படித்தானே? டம்ளர் விழுந்தால் 'கை தவறிடுச்சு'. சாவியை விட்டுவிட்டு வந்தால் 'மறந்துபோச்சு'. தப்பு தானாக நடந்த மாதிரியும் நாம் பக்கத்தில் சும்மா நின்ற மாதிரியும் சொல்வோம், கேட்பவருக்கும் நம் வருத்தம் புரிந்துவிடும். அதையே ஆங்கிலத்தில் போட்டால் நழுவுகிற ஆள் ஆகிவிடுகிறோம். அமெரிக்க அதிபர் ரீகன் 1987இல் ஈரான் ஆயுத விவகாரத்தில் 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். தப்பு நடந்தது, செய்தவர் மட்டும் இல்லை. என் மெயிலும் அந்த ஜாதிதான்.

ஸ்கார்பரோ அக்கா:
யாழ்ப்பாணத்திலிருந்து டொரொண்டோ வந்து எனக்கு முதல் குளிர்காலம். நெரிசலான பஸ்ஸில் ஒரு வயதான வெள்ளைக்காரம்மாவின் காலை நன்றாக மிதித்துவிட்டேன். மிதிபட்ட அவர் 'ஓ, சாரி' என்று என்னிடம் சொல்கிறார்! இங்கே அது வழமை என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்? வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. கை மட்டும் தன்பாட்டில் குனிந்து அவருடைய சப்பாத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஏதோ விழுத்திவிட்டேன் என்று நினைத்து அவரும் பாவம் சீட்டுக்கடியில் தேடத் தொடங்கிவிட்டார். ஈரக் கையுறையோடு நான் முழிக்க, அவர் தேட, அடுத்த நிறுத்தமே வந்துவிட்டது. என்னுடையது இல்லை, எனக்கு அடுத்தது. ஆனாலும் இறங்கி நடந்தேன்.

பிறகு கார் ஓடப் பழகினபோது, 'இடித்தால் வாய் தவறியும் சாரி சொல்லாதே, பிழையை ஒத்துக்கொண்டதாகிவிடும்' என்று வெருட்டினார்கள். அது பழைய கதை. ஒன்டாரியோவில் 2009இல் மன்னிப்புக்கென்றே ஒரு சட்டம் வந்துவிட்டது. சாரி சொன்னதை சிவில் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுக்க முடியாது. சாரி இல்லாமல் இந்த ஊரில் ஒரு கதவைத்தானும் தாண்ட முடியுமா, நீங்களே சொல்லுங்கோ.

புதுக்கோட்டை பையன்:
அப்பா தவறி, காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று வெளிநாட்டு மேலாளர் போனில் 'ஐ ஆம் ஸோ சாரி' என்றார். நான் 'இட்ஸ் ஓகே சார், நாட் யுவர் மிஸ்டேக்' என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. துக்கத்துக்கும் அதே சொல்தான் என்று அப்போது தோன்றவே இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, சொல்லின் பிறப்பைப் பார்த்தால் துக்கம்தான் மூத்தது. 'சாரி'க்கு வேர் புண், வலி என்று பொருள் தரும் 'சோர்'. சோகத்தைக் குறிக்கும் 'சாரோ'வுக்கும் இதற்கும், ஒலி ஒத்துப்போனாலும், பிறப்பால் உறவில்லை.

முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். 'எக்ஸ்க்யூஸ் மீ' இடிப்பதற்கு முன்னால், 'சாரி' இடித்த பின்னால் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டே கை வலித்தது. ஒரு காலாண்டுத் தேர்வில் ஒரு பையனுக்கு 47ஐ 41 என்று கூட்டிப் போட்டுவிட்டேன். அவன் பேப்பரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான். மொத்த வகுப்பும் பார்க்கிறது. 'என்னை மன்னித்துவிடு' என்று ஒரு வாத்தியார் தமிழில் சொல்ல முடியுமா? நாக்கே எழும்பாது, வானம் இடிந்துவிடும். 'சாரிடா, நான்தான் தப்பாக் கூட்டிட்டேன்' என்று சொன்னேன், சுலபமாக வந்தது. நம் ஊரில் இந்தச் சொல் இத்தனை ஓட்டம் ஓடுவதற்கு அதன் எடை குறைவு என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பையன் சிவப்பு மையில் நான் திருத்தியதைச் சரிபார்த்துவிட்டு, 'நோ மென்ஷன் சார்' என்று போய் உட்கார்ந்தான். அதைத் திருத்த எனக்கு அன்று மனசு வரவில்லை.

புதுக்கோட்டை பையன்:
வேளச்சேரி அண்ணே, அந்த இரண்டு ஆர்டர் என்ன ஆச்சு?

வேளச்சேரிவாசி:
பழைய விலைக்கே கொடுத்தோம். அந்த வருடம் எனக்கு இன்கிரிமென்ட் வரவில்லை. அதற்கு யாரும் சாரி சொல்லவில்லை.