எச் இன்டெக்ஸ் 6 என்றால் சின்ன ஆளா?

முனிர்க்கா மாணவி:
கருத்தரங்குக்கு யாரை அழைப்பது என்று போன வாரம் எங்கள் துறையில் பேச்சு வந்தது. ஓய்வுபெற்ற மொழியியல் பேராசிரியர் ஒருவரைச் சொன்னேன். மலைமொழி ஒன்றுக்காகப் பதினைந்து வருடம் அலைந்து அகராதி செய்தவர். ஒருவர் அங்கேயே போனில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலரைத் திறந்து, "எச் இன்டெக்ஸ் 6தான்" என்றார். ஒருவர் எழுதியவற்றைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண் அது. பேச்சு அதோடு முடிந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த எண் 10 ஆக வேண்டும் என்றால், தலா 10 மேற்கோளாவது பெற்ற 10 படைப்புகள் வேண்டும். வாழ்நாள் முழுக்க ஒரே அகராதி செய்து, அதை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் கணக்கு 1தான். மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் 1961இல் கொண்டுவந்த திராவிட வேர்ச்சொல் அகராதியைப் பாருங்கள். எமனோ 1930களில் நீலகிரியில் தோடர், கோத்தரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய சொற்களும் அதில் உண்டு. 1984இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஐயாயிரத்துக்கு மேல் பதிவுகள். அதைத் தொடாமல் திராவிட மொழியியலில் யாரும் எழுத முடியாது. ஆனால் பல நேரம் எழுதுவது "டி.இ.டி.ஆர்." என்ற சுருக்கமும் பதிவு எண்ணும் மட்டும்தான். அதை எந்த இயந்திரம் எண்ணும்?

துவாரகா இயற்பியல்:
தங்கச்சி, கோபம் புரிகிறது. ஆனால் எண் இல்லாத காலத்தைப் பார்த்தவன் நான். 2007இல் ஒரு கல்லூரி நேர்காணலில் என் கட்டுரைகளைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. யாரிடம் ஆய்வு செய்தாய், எந்த ஊர் என்ற இரண்டோடு அனுப்பிவிட்டார்கள். டெல்லியில் எனக்கு யாரையும் தெரியாது. 2010இல் கட்டுரைகளுக்கும் புள்ளி போட்டு ஆசிரியர்களை மதிப்பிடும் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) மதிப்பெண் முறை வந்த பிறகுதான் காகிதத்தில் இருந்ததை யாராலும் ஒதுக்க முடியவில்லை. எச் இன்டெக்ஸ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு, குறை இருக்கத்தான் செய்யும். எடுத்துவிட்டால் அந்த இடத்தில் சிபாரிசு வந்து உட்காரும்.

முனிர்க்கா மாணவி:
அண்ணா, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகியதும் அந்த மதிப்பெண்ணால்தானே?

துவாரகா இயற்பியல்:
அது கட்டுரை எண்ணிக்கை. மேற்கோள் வேறு. இன்னொருவர் படித்துப் பயன்படுத்தினார் என்பதற்கு அது சாட்சி.

முனிர்க்கா மாணவி:
படித்தார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பேச்சுத்தமிழ், எழுத்துத்தமிழ் இரட்டை வழக்கு பற்றிய கட்டுரை என்றால் முதல் பத்தியிலேயே ஃபெர்குசன் 1959, அதாவது இரட்டை வழக்கு பற்றி மொழியியலாளர் ஃபெர்குசன் அந்த வருடம் எழுதிய கட்டுரை, வந்துவிடும். அவர் விரித்துப் பேசியவை அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தி கிரியோல். அந்த நான்கில் தமிழ் இல்லை என்பதே தெரியாமல் மேற்கோள் காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆர்.கே.புரம் நூலகர்:
இருபத்தைந்து வருடம் நூலகத்தில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். அந்த 6 சரியான 6தானா என்று முதலில் பாருங்கள். நம் பெயர்கள் இந்தத் தரவுத்தளங்களுக்கு ஒத்துவருவதே இல்லை. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தலைப்பெழுத்து ஒரு கட்டுரையில் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஆங்கிலத்தில் 'சாமி'யை மூன்று விதமாக எழுதுகிறோம். சில இதழ்கள் அப்பா பெயரையே ஆசிரியர் பெயராகப் போட்டுவிடுகின்றன. ஒரே ஆள் நான்கு ஆளாகச் சிதறி, ஒவ்வொருவர் கணக்கிலும் கொஞ்சம் கொஞ்சம் நிற்கும். இப்படிச் சிதறிய ஒருவரின் பட்டியலை நானே உட்கார்ந்து சேர்த்தபோது எண் கிட்டத்தட்ட இரட்டிப்பானது.

அப்புறம் தமிழில் எழுதியவை. இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றத்தின் ஆய்வுக்கோவைத் தொகுதிகள் வருடாவருடம் வந்தன. அந்தத் தலைமுறையின் நல்ல கட்டுரைகள் பல அவற்றில்தான் கிடக்கின்றன. அந்தப் பழைய தொகுதிகளை ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் தேடிப் பயனில்லை.

துவாரகா இயற்பியல்:
சார் சொல்வது எண்ணைத் திருத்தும் வழி. அதை நான் முழுக்க ஏற்கிறேன். எண்ணே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். இன்னொன்று, தங்கச்சி: அவர் போனை நீட்டியபோது நீ அந்தப் பேராசிரியரின் அகராதியை மேசையில் வைத்தாயா?

முனிர்க்கா மாணவி:
வைக்கவில்லை. என் நகல் விடுதியில் இருந்தது. அடுத்த கூட்டம் புதன்கிழமை, எடுத்துப்போகிறேன். ஆனால் அண்ணா, அந்த 6ஐச் சொன்னவரும் எதையும் மேசையில் வைக்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நூலகர் ஐயா, பேராசிரியர் தன் கட்டுரைப் பட்டியலைக் கையால் எழுதி வைத்திருக்கிறார், 1974 முதல். சனிக்கிழமை தமிழ்ச் சங்கத்துக்குக் கொண்டுவந்தால் உட்கார்ந்து சேர்க்க முடியுமா?