நகைக்கடைக்காரர்களைச் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில் சேர்த்தது சரியா?

கடைவீதி: 2020 டிசம்பர் 28 அறிவிக்கைக்குப் பிறகு நகைக்கடைக்காரர்கள் நாங்களும் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டோம். ஒரு வாடிக்கையாளரோடு ரொக்கத்தில் 10 லட்சமோ அதற்கு மேலோ வியாபாரம் நடந்தால் ஆளைச் சரிபார்க்கணும், பதிவேட்டை 5 வருஷம் வைத்திருக்கணும், மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவுக்குத் தகவல் எழுதணும். ஆனால் 2 லட்சத்தைத் தொட்டாலே ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரலிலிருந்தே சொல்கிறது. மீறினால் வாங்கிய தொகை அவ்வளவும் அபராதம். இதில் 10 லட்சம் வாங்கினேன் என்று எவன் எழுதிக் கொடுப்பான்?

ஆடிட்டர் தம்பி: அறிவிக்கையை முழுசாகப் படியுங்கள் அண்ணே. அந்த 10 லட்சம் ஒரே தடவையாகவோ, தொடர்புள்ளதாகத் தெரியும் பல தடவைகளாகவோ என்று இருக்கிறது. 2 லட்சத்துக்குள் நிற்கும்படி பில்லைப் பிரித்துப் போடுகிறார்கள்: ஆரம் அப்பா பேரில் 1,95,000, வளையல் அம்மா பேரில் 1,90,000, நெக்லஸ் சித்தப்பா பேரில் 1,98,000. அடுத்தடுத்த பில் நம்பர், பத்து நிமிஷ இடைவெளி, மூன்றிலும் ஒரே செல் நம்பர். கணக்குப் பார்க்கப் போகிற கடைகளில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பில்லில் தேதியை மாற்றிப் போட்டாலும் தப்ப முடியாது. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடம் வாங்கியதை எல்லாம் சேர்த்துத்தான் அந்த 2 லட்சக் கணக்கு. கல்யாணம் ஒரு நிகழ்ச்சிதானே?

மஞ்சள்காட்டுக்காரி: மகளுக்கு நகை எடுப்பவள் கறுப்புப் பண முதலையா? 2017-இல் 2 லட்சத்துக்கு எட்டு, ஒன்பது பவுன் வந்தது. இன்றைக்குச் செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் போட்டால் இரண்டு பவுனே வரம்பில் முட்டுகிறது. விலை ஏறியது, வரம்பு அப்படியே நிற்கிறது. மஞ்சள் விற்ற பணம் எங்களுக்குக் கையில்தான் வருகிறது.

கடைவீதி: அக்கா சொல்வதுதான் நியாயம். 2017 ஆகஸ்டில் 2 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கடைகளை இதே சட்டத்தில் சேர்த்தார்கள். தீபாவளி வியாபாரம் படுத்துவிடும் என்றதும் அக்டோபர் 6 அன்று திரும்பப் பெற்றார்கள். அவ்வளவு அவசியமான சட்டம் என்றால் ஏன் விட்டார்கள்?

ஆடிட்டர் தம்பி: சத்தம் போட்டதால் விட்டார்கள், வேறென்ன. பணமதிப்பிழப்பு அறிவித்த 2016 நவம்பர் 8 ராத்திரி எத்தனை ஊரில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கட்டித் தங்கம் விற்றார்கள், முன்தேதி பில் போட்டார்கள் என்று நாடே பேசியது. நிலத்தையோ வங்கிக் கணக்கையோ தேடிப் பிடிக்கலாம். நகையை உருக்கினால் ஹால்மார்க்கின் ஆறெழுத்து எண்ணும் சேர்ந்தே கரைந்துவிடும். கறுப்புப் பணப் பரிமாற்றத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பான எஃப்ஏடிஎஃப்பின் 2024 செப்டம்பர் அறிக்கையிலும் நகை வியாபாரத்தில் ரொக்கக் கட்டுப்பாட்டை இந்தியா இன்னும் சரியாக அமல்படுத்தணும் என்றுதான் இருக்கிறது.

கடைவீதி: அந்த ராத்திரி விற்றவர்கள் பெரிய புள்ளிகள் தம்பி. பழைய தோட்டைக் கொடுத்துப் புதுத் தோடு வாங்குகிறவர்களிடம் ஆதார் நகல் கேட்டுத் திட்டு வாங்குவது நான்.

ஆடிட்டர் தம்பி: 10 லட்ச ரொக்கம் இல்லாத கடைக்கு இந்தச் சட்டத்தில் அந்த நகலே தேவையில்லையே. யார் கேட்கச் சொன்னது?

மஞ்சள்காட்டுக்காரி: சரி, நான் கார்டு நீட்டினால் மட்டும் எங்கள் ஊர்க் கடையில் இரண்டு சதவீதம் கூடக் கேட்கிறார்களே, அது எந்தச் சட்டம்?

கடைவீதி: அது வங்கி எங்களிடம் பிடிக்கிற காசு, அக்கா. ஆர்டிஜிஎஸ் போடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை.